நாற்பதைத் தாண்டி பாஞ்சோ: மூன்று ஆண்டு அனுபவம்

தோல் போர்த்திய வட்ட உடலும் நீண்ட கழுத்தும் உள்ள கம்பி வாத்தியமான பாஞ்சோவை வாங்கியபோது எனக்கு 41 வயது. அதற்கு முன் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. மூன்று ஆண்டு வாசித்த பிறகு தோன்றுவதை எழுதுகிறேன்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது கம்பிகளின் எண்ணிக்கை. நாலு கம்பி பாஞ்சோவும் உண்டு, ஐந்து கம்பி பாஞ்சோவும் உண்டு. பெயர் ஒன்று, வாசிக்கும் விதம் முற்றிலும் வேறு. ஐரிஷ் இசைக்காரர்கள் பெரும்பாலும் வாசிப்பது டெனர் என்ற நாலு கம்பி வகை. எனக்குப் பிடித்தது ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை, அதற்கு ஐந்து கம்பிதான். பின்பக்கம் ரெசனேட்டர் (ஒலியை முன்னால் திருப்பும் மரக் கிண்ணம்) மூடிய மாடலை எடுத்தேன். நல்ல கனம். உட்கார்ந்து வாசித்தாலும் தோள் வார் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சரியும் கழுத்தைத் தாங்கிப் பிடிப்பதிலேயே இடது கை ஓய்ந்துவிடும்.

முதல் நாள் மயக்கம் ஒன்று இருக்கிறது. ஐந்தாம் கம்பியிலிருந்து முதல் கம்பிவரை ஜி, டி, ஜி, பி, டி என்று மேற்கத்திய ஸ்வரங்களில் சுருதி சேர்த்துவிட்டால், எதையும் அழுத்தாமல் சும்மா வருடினாலே முழு ஜி கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) கேட்கும். கம்பிகளும் மெல்லியவை, விரல் நுனி அவ்வளவாக வலிக்காது. ‘இவ்வளவு சுலபமா!’ என்று நினைத்தேன். இடது கைக்குத்தான் சுலபம். வலது கை என்னைப் பாடாய்ப் படுத்தியது.

கம்பியைப் பறிக்க விரலில் மாட்டுவது பிக். கட்டை விரலுக்கு பிளாஸ்டிக் பிக், ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் உலோக பிக். முதல் மூன்று வாரம் உலோக பிக்கை நகத்தின் பக்கம் மாட்டிக்கொண்டு, ஏன் கம்பியில் சிக்குகிறது என்று குழம்பினேன். அதன் தகடு விரலின் சதைப் பக்கம் வர வேண்டுமாம்.

அப்புறம் ரோல், அதாவது விரல்கள் மாறி மாறிக் கம்பிகளைப் பறிக்கும் வரிசை. பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945-ல், ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்த பிறகு உலகமறிந்த மூன்று விரல் பாணி இது. ஃபார்வர்டு ரோல் என்றால் எட்டு ஸ்வரம், வரிசையாக, இடைவெளி பிசகாமல். நான் வாசித்தால் தையல் மிஷின் ஓடுவது போல இருக்கும். எல்லா அடியும் ஒரே கனம், பாட்டே தெரியாது. இரண்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது: எட்டு என்பது நாலும் நாலும் அல்ல, மூன்றும் மூன்றும் இரண்டும். தகிட தகிட தக! ஒவ்வொரு துண்டும் கட்டை விரலில் தொடங்குகிறது, அழுத்தம் அங்கே விழ வேண்டும். வாயால் சொல்லிக்கொண்டே வாசித்த அன்றுதான் முதல்முறையாக அது இசை போலக் கேட்டது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடிக்கு இறக்கி அதையே மாதக்கணக்கில் செய்தேன். வேகத்துக்கு ஆசைப்பட்ட நாளெல்லாம் வீண்.

ஐந்தாவது கம்பி விசித்திரமானது. மற்றவற்றைவிடக் குட்டை, ஐந்தாம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) பக்கத்தில் தொடங்குகிறது, கட்டை விரலுக்குப் பக்கத்தில் இருந்தும் சுருதியில் அதுதான் உச்சம். தம்புரா போல விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அடிமைகளாகக் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டிச் செய்த வாத்தியங்களிலிருந்து வந்தது பாஞ்சோ. மேற்கு ஆப்பிரிக்காவின் அகோண்டிங் என்ற வாத்தியத்திலும் இதே போலக் குட்டைக் கம்பி உண்டு. சுருதியை உயர்த்தக் கழுத்தில் மாட்டும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டால் இந்தக் கம்பியைத் தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும், அது ஒரு தொல்லை.

ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல்முறை கம்பி மாற்றும்போது ஐந்தையும் ஒரேயடியாகக் கழற்றினேன். கம்பிகளைத் தாங்கும் மரத் துண்டான பிரிட்ஜ் டப்பென்று விழுந்துவிட்டது. உடைத்துவிட்டேன் என்று பயந்துபோனேன். அதை ஒட்டியே இருக்க மாட்டார்கள், கம்பியின் இழுவிசைதான் பிடித்து வைத்திருக்கிறது. திரும்ப நிறுத்தும்போது, கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட்வரை எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் அங்கிருந்து பிரிட்ஜுக்கும் இருக்க வேண்டும். 12-இல் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரமும், அங்கேயே அழுத்தி எழுப்பும் ஸ்வரமும் ஒன்றாகக் கேட்கும்வரை நகர்த்த வேண்டும். இப்போது ஒவ்வொரு கம்பியாகத்தான் மாற்றுகிறேன்.

சத்தம் பற்றி வீட்டில் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ரெசனேட்டரைக் கழற்றி, முன்பக்கத் தோலான ஹெட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் துணித் துண்டைச் செருகினால் பாதி அடங்கும். நான் வாசித்த நேரத்தில் முக்கால்வாசி அந்தத் துண்டோடுதான்.

இன்று மெட்ரோனோம் 95 வரை தடுமாறாமல் வருகிறது. குழுவாக வாசிப்பவர்களின் வேகத்துக்கு இது போதாது, அவர்களோடு உட்கார்ந்தால் கார்டு மட்டும் பிடிக்கிறேன். போன மாதம் கிளாஹாமர் பாணியைத் தொட்டுப் பார்த்தேன். பிக் வேண்டாம், நகத்தால் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். மூன்று ஆண்டாக மேல்நோக்கிப் பறித்துப் பழகிய விரல்கள் கேட்கவே மறுக்கின்றன. மெட்ரோனோம் மறுபடியும் 60-இல் நிற்கிறது.