கொலுசு டிசைனுக்கு எந்தப் பூட்டு?

அண்ணனுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. புது டிசைன் படங்கள், யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம் என்ற கணக்கு, அண்ணியும் பிள்ளைகளும் இருக்கும் படங்கள், எல்லாம் ஒரே சாம்சங் போனில். டிஸ்ப்ளே உடைந்து கடையில் கொடுத்தபோது, "பின் நம்பர் சொல்லுங்கண்ணா, செக் பண்ணணும்" என்றார்கள். சொல்லிவிட்டார். போன் திரும்பி வரும்வரை அவருக்கு வேலையே ஓடவில்லை.

ஆண்ட்ராய்டு 10 முதல் வெளிவந்த போன்களில் உள்ளிருப்பதெல்லாம் ஏற்கெனவே என்கிரிப்ட் ஆகித்தான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் அதைத் திறப்பதே அந்தப் பின் நம்பர்தான். அதனால் நான் முதலில் பார்த்தது, படங்களைப் பூட்டி வைக்கும் வசதிகளில் எதற்குத் தனிச் சாவி இருக்கிறது என்பதை.

கூகுள் போட்டோஸின் லாக்டு ஃபோல்டருக்கு இல்லை. போன் திறக்கும் அதே நம்பரில் அதுவும் திறக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் கேலரியைத் தள்ளிப் பார்க்கும்போது படம் கண்ணில் படாமல் இருக்க அது போதும், ரிப்பேர் கடைக்குப் போதாது. பேக்கப் போடாமல் ஆப்பை நீக்கினால் படங்களும் போய்விடும்.

சாம்சங்கின் செக்யூர் ஃபோல்டருக்குத் தனிப் பின் வைக்கலாம். நோட்ஸ் ஆப்பையும் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்பதால் வெள்ளிக் கணக்குக்கு இதுதான் தோது. ஆனால் போனை ஃபேக்டரி ரீசெட் செய்தால் உள்ளிருப்பது மொத்தமும் அழியும்.

கிரிப்டோமேட்டர் என்ற ஆப் வேறு வகை. ஏஇஎஸ் 256 பிட் என்ற வலுவான என்கிரிப்ஷன் முறையில் பூட்டிய பிறகே படத்தை கிளவுடுக்கு அனுப்புகிறது. ஏற்காடு மலைப்பாதையில் போன் தொலைந்தாலும் டிசைன் தொலையாது. ஒவ்வொரு படத்தையும் கையால் உள்ளே போடுவதென்றால் அது கொஞ்சம் சள்ளைதான். போட்டபின் கேலரியில் இருக்கும் அசலை அழியுங்கள், டிராஷிலிருந்தும் அழியுங்கள். பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கால்குலேட்டர் போலத் தோன்றும் ஒளிப்பு ஆப்கள் வேண்டவே வேண்டாம். அவற்றில் பல, கோப்பின் பெயரை மாற்றி மறைப்பதோடு சரி. ஐபோன்காரர்கள் நோட்ஸுக்குப் போன் பாஸ்கோடு அல்லாத தனிப் பாஸ்வேர்டு வைக்கலாம். மறந்தால் ஆப்பிளாலும் மீட்டுத் தர முடியாது.

இப்போது அண்ணன் அன்றாடக் கணக்கைச் செக்யூர் ஃபோல்டரிலும், டிசைன்களின் இன்னொரு பிரதியைக் கிரிப்டோமேட்டரிலும் வைக்கிறார். ரிப்பேருக்குக் கொடுக்குமுன் திரை வேலை செய்தால் மெயின்டனன்ஸ் மோடைப் போட்டுவிடுகிறார். கடைக்காரர் போனைச் சோதிக்கலாம், படங்களைப் பார்க்க முடியாது. பாஸ்வேர்டு மறந்தால் கைகொடுக்கும் கிரிப்டோமேட்டரின் மீட்புச் சாவியை அண்ணி தாளில் எழுதி, வெள்ளி வைக்கும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.