க்யூட்டியில் விண்டோக்களைக் கட்டி மேய்ப்பது: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறவர்களிடம் க்யூட்டி (Qt, விண்டோ, பட்டன் போன்றவற்றை உருவாக்கித் தரும் நூலகம்) எப்படி என்று கேட்டால் பட்டன், டேபிள், ஸ்டைல் பற்றித்தான் பெரும்பாலும் பேசுவார்கள். நான் விண்டோக்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். க்யூட்டி 5 காலத்திலிருந்து பைதானில், க்யூட்டியைப் பைதானுக்குக் கொண்டுவரும் பைசைட் வழியாக, கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதிப் பராமரித்து வருகிறேன். கவுண்டரில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பில் விண்டோக்கள், பொருள் தேடும் டயலாக், ஓரத்தில் ஸ்டாக் பேனல், பின்னால் ஒரு ரிப்போர்ட் என்று திறந்து கிடக்கும். எது எதற்கு மேல் நிற்க வேண்டும், எது எப்போது மூடப்பட வேண்டும், மறுநாள் காலை எது எங்கே திறக்க வேண்டும் என்பது சரியாக இல்லாவிட்டால், கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மென்பொருளுக்குக் கெட்ட பெயர்தான். இந்த விஷயத்தில் க்யூட்டிக்கு என் ஓட்டு உண்டு. ஆனால் லினக்ஸில், விண்டோக்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலண்ட் வந்த பிறகு அந்த ஓட்டு கொஞ்சம் யோசித்துப் போடும் ஓட்டாகிவிட்டது.

க்யூட்டியின் விட்ஜெட் பக்கத்தில் எல்லாமே பேரண்ட், அதாவது ஒன்று எதற்குச் சொந்தம் என்ற ஒரே விஷயத்தில் அடங்கியிருக்கிறது. பட்டன், லேபிள் போல திரையில் தெரியும் ஒவ்வொன்றும் ஒரு க்யூவிட்ஜெட்; பேரண்ட் இல்லாத எந்த க்யூவிட்ஜெட்டும் விண்டோதான். வெறும் லேபிள் ஒன்றை உருவாக்கி, பேரண்ட் கொடுக்காமல் ஷோ என்று அழைத்தால், தலைப்புப் பட்டை, மூடும் பட்டன் எல்லாவற்றோடும் அது தனி விண்டோவாக வந்து நிற்கும். அதே லேபிளுக்கு ஒரு பேரண்ட் கொடுத்தால் அதன் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். க்யூடயலாக், க்யூமெயின்விண்டோ போன்றவை பேரண்ட் கொடுத்தாலும் விண்டோவாகவே இருக்கும். பேரண்ட் உள்ள டயலாக் அந்தப் பேரண்ட்டின் நடுவில் திறக்கும், அதற்கு மேலேயே நிற்கும், டாஸ்க்பாரில் தனி இடம் பிடிக்காது, பேரண்ட் அழிந்தால் கூடவே அழியும். இந்த நான்கையும் நாமே கோட் எழுதிச் செய்வதென்றால் எவ்வளவு வேலை என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது.

பைதானில் எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். புதிதாக வரும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பட்டனை அழுத்தினால் விண்டோ வந்த வேகத்தில் மறைந்துவிடுகிறது, எர்ரர் எதுவும் இல்லை, என்ன காரணம்?" ஃபங்ஷனுக்குள் ஒரு லோக்கல் வேரியபிளில் விண்டோவை உருவாக்கி, ஷோ என்று அழைத்திருப்பார்கள். ஷோ நிற்காது, உடனே திரும்பி வந்துவிடும். ஃபங்ஷன் முடியும், வேரியபிள் போகும், அந்த விண்டோவைப் பிடித்திருக்க யாரும் இல்லாததால் பைதான் அதை அழித்துவிடும். பேரண்ட் கொடுத்தால் அந்தப் பேரண்ட் பிடித்துக்கொள்ளும். தனியாக நிற்க வேண்டிய பில் விண்டோக்களுக்கு நான் பேரண்ட் கொடுப்பதில்லை. அப்ளிகேஷன் அளவில் ஒரு பட்டியல் வைத்து, திறக்கும்போது அதில் சேர்த்து, மூடும்போது எடுத்துவிடுகிறேன்.

மூடும்போது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. க்ளோஸ் என்றால் க்யூட்டி வழக்கமாக விண்டோவை ஒளித்து மட்டுமே வைக்கும், அழிக்காது. 'டெலீட் ஆன் க்ளோஸ்' என்ற அட்ரிபியூட்டைப் போட்டால்தான் அழியும். நாள் முழுக்க பில் விண்டோக்களைத் திறந்து மூடும் கடையில் இதைக் கவனிக்காமல் விட்டால், மெமரி சாயங்காலம் வரை ஏறிக்கொண்டே போகும். மாறாக, தேடல் டயலாக் போல அடிக்கடி வந்து போவதை ஒளித்து வைப்பதே நல்லது; மறுபடி கேட்கும்போது சட்டென்று வந்து நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி க்ளோஸ் ஈவென்ட். பயனர் மூலையில் உள்ள எக்ஸை அழுத்தினாலும், கீபோர்டில் மூடினாலும், நம் கோடிலிருந்து க்ளோஸ் என்று அழைத்தாலும், எல்லாம் இந்த ஒரே வாசல் வழியாகத்தான் போகும். அங்கே இக்னோர் என்று சொன்னால் விண்டோ மூடாது. சேமிக்காத பில் இருக்கிறதா என்று பார்க்க வேறு எங்கும் கோட் எழுதத் தேவையில்லை. தலைப்பில் சதுர அடைப்புக்குள் ஒரு நட்சத்திரக் குறியை வைத்துவிட்டு, பில்லில் ஏதாவது மாறும்போது 'விண்டோ மாடிஃபைட்' என்று ட்ரூ கொடுத்தால் போதும். விண்டோஸிலும் லினக்ஸிலும் தலைப்பில் நட்சத்திரம் தெரியும். மேக்கில் அந்த ஊர் வழக்கப்படி மூடும் பட்டனுக்குள் புள்ளி தெரியும். எக்ஸை அழுத்தியதும் "பில் 1042 சேமிக்கப்படவில்லை. சேமிக்கவா, விட்டுவிடவா, திரும்பிப் போகவா?" என்று கேட்கும் டயலாக், அந்தப் பில் விண்டோவின் மேலேயே திறக்கும். பக்கத்தில் இருக்கும் மற்ற பில்கள் தடைபடாமல் இருக்க 'விண்டோ மோடல்' என்று வைக்க வேண்டும். 'அப்ளிகேஷன் மோடல்' என்றால் கவுண்டரில் எல்லா வேலையும் நின்றுவிடும். கடைக்காரருக்கு இந்த வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிடும்.

டயலாக்கை எக்ஸெக் என்று திறப்பதைத்தான் பெரும்பாலான பாடங்களில் பார்ப்பீர்கள். எழுத எளிது, அடுத்த வரியிலேயே பதில் கிடைத்துவிடும். ஆனால் அது உள்ளுக்குள் இன்னொரு ஈவென்ட் லூப்பை (பயனரின் செயல்களுக்காகக் காத்திருக்கும் சுழற்சியை) ஓட்டுகிறது. அது ஓடும்போதே பேரண்ட் விண்டோ வேறு வழியில் அழிந்துவிட்டால், எங்கிருந்து வந்தது என்று தெரியாத கிராஷ் வரும். க்யூட்டியின் ஆவணமே அதற்குப் பதில் ஓப்பன் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தச் சொல்கிறது. பதிலை சிக்னல் வழியாக வாங்க வேண்டும், கோட் நாலு வரி கூடும். அந்த நாலு வரிக்கு மதிப்பு உண்டு.

அடுத்து விண்டோவின் இடமும் அளவும். சேவ்ஜியாமெட்ரி, ரெஸ்டோர்ஜியாமெட்ரி இரண்டும் க்யூட்டி 4.2 முதல் இருக்கின்றன. இடம், அளவு, பெரிதாக்கி வைத்திருந்தோமா என்பது எல்லாம் ஒரு பைட் தொகுப்பாகக் கிடைக்கும். அமைப்புகளைச் சேமிக்கும் க்யூசெட்டிங்ஸில் போட்டுவைத்து மறுநாள் எடுத்துக் கொடுக்கலாம். சில இடங்களில் கவுண்டருக்கு லேப்டாப்பையும் வெளி மானிட்டரையும் சேர்த்து வைத்திருப்பார்கள். மானிட்டரில் கிடந்த விண்டோ, அதைக் கழற்றிய பிறகு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் திறக்குமோ என்ற கவலை வேண்டாம். திரைக்கு வெளியே போனால் ரெஸ்டோர் அதை உள்ளே இழுத்து வைக்கும். எக்ஸ், ஒய் எண்களைத் தானே எழுதி வைப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. போதாக்குறைக்கு, விண்டோவை நகர்த்தும் மூவ் விளிம்பையும் சேர்த்துக் கணக்கிடும், ஜியாமெட்ரி விளிம்பை விட்டுவிடும் என்பதால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விண்டோ கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப் போவதையும் பார்க்க வேண்டிவரும்.

டூல்பார்களும் ஓரப் பேனல்களும் தனிக் கணக்கு. அவற்றுக்கு க்யூமெயின்விண்டோவின் சேவ்ஸ்டேட். ஒவ்வொன்றுக்கும் ஆப்ஜெக்ட்நேம் கொடுத்திருந்தால்தான் வேலை செய்யும். புது வெர்ஷனில் பேனல்களை மாற்றி அமைத்தால் சேவ்ஸ்டேட்டுக்குக் கொடுக்கும் வெர்ஷன் எண்ணையும் மாற்றிவிடுங்கள். பழைய அமைப்பு வந்து புதியதைக் குழப்பாது.

இதுவரை சொன்ன இடம் சார்ந்த சுகமெல்லாம் விண்டோஸிலும், மேக்கிலும், லினக்ஸின் பழைய எக்ஸ்11-லும்தான். வேலண்டில் ஒரு மென்பொருள் தன் விண்டோ திரையில் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லவே முடியாது. அதை, எல்லா விண்டோக்களையும் திரையில் சேர்த்துக் காட்டும் காம்போசிட்டர்தான் முடிவு செய்யும். மூவ் என்று அழைத்தால் எர்ரர் வராது, எதுவும் நடக்காது. ரெஸ்டோர்ஜியாமெட்ரி அளவைத் தரும், இடத்தைத் தராது. 'எப்போதும் மேலே' என்ற ஃபிளாக்கும் பலிக்காது. ஒரு மென்பொருள் இன்னொன்றின் மேல் போய் ஒட்டிக்கொண்டு பாஸ்வேர்டைப் பிடுங்கக்கூடாது என்ற பாதுகாப்பு நோக்கம் எனக்குப் புரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். என் வருத்தம் க்யூட்டி அமைதியாக இருப்பதில்தான். க்யூட்டியைப் போன்ற இன்னொரு நூலகமான ஜிடிகே 4, 2020 டிசம்பரில் வந்தபோது விண்டோவை நகர்த்தும் ஃபங்ஷனையே எடுத்துவிட்டார்கள். பழைய கோட் கம்பைல் ஆகாது, உடனே விஷயம் தெரிந்துவிடும். அதே மாதம் வந்த க்யூட்டி 6-இல் மூவ் அப்படியே இருக்கிறது. எந்தத் தளத்தில் வேலை செய்யும், எதில் செய்யாது என்று நாமே ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பல தளங்களுக்கும் ஒரே கோட் என்ற வாக்குறுதிக்காக அதை விட்டுவைத்திருக்கிறார்கள், சரி. குறைந்தது ஒரு எச்சரிக்கையாவது டெர்மினலில் வரலாம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். திறந்திருக்கும் விண்டோவின் ஃபிளாக்கை மாற்றினால் அது மறைந்துவிடும், மறுபடி ஷோ என்று அழைக்க வேண்டும். கடைசி விண்டோ மூடினால் அப்ளிகேஷனே முடிந்துவிடுவது இயல்பான அமைப்பு. மெயின் விண்டோவை ட்ரேயில் ஒளித்துவைத்துவிட்டு, பேரண்ட் இல்லாத ஒரு சின்ன டயலாக்கைத் திறந்து மூடினால் மொத்த மென்பொருளும் போய்விடும். ட்ரே உள்ள மென்பொருளில் 'க்விட் ஆன் லாஸ்ட் விண்டோ க்ளோஸ்ட்' என்பதை முதலிலேயே ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள்.

ஒரே விண்டோ, இரண்டு டயலாக் போதும் என்றால் பைதானோடு சேர்ந்தே வரும் டிகிண்டர் போதும். அதற்காக க்யூட்டியைச் சுமக்க வேண்டாம். விண்டோக்கள் பெருகி, ஒன்றுக்கொன்று உறவு வந்துவிட்ட மென்பொருளுக்கு நான் இன்றும் க்யூட்டியைத்தான் எடுப்பேன். லினக்ஸ் கவுண்டர்களுக்கு மட்டும் அடுத்த வெர்ஷனில் தனி விண்டோக்களைக் குறைத்து, பில்களை ஒரே மெயின் விண்டோவின் டேப்களாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். விண்டோவுக்குள்ளே எது எங்கே இருக்க வேண்டும் என்பது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.