பதினோராவது நிமிடத்தில் ஒரு விசில்

ஜிஎஸ்டி வேலை பார்ப்பவர்களுக்கு மாதத்தில் இரண்டு தேதிகள் வயிற்றைக் கலக்கும். 11, 20. ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்யக் கடைசி நாள்கள். ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 14 வருடமாக இருக்கிறேன். முன்பெல்லாம் அந்தத் தேதிகளுக்கு முந்தைய இரவு மட்டும்தான் தூக்கம் வராது. போகப்போக எல்லா இரவும் 10ஆம் தேதி இரவாகவே ஆகிவிட்டது. தலையணையில் தலை வைத்ததும் நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஈசிஜி எடுத்தேன், தைராய்டு பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. "டென்ஷன்தாம்மா, ரிலாக்ஸா இருங்க" என்றார் டாக்டர். எப்படி இருப்பது என்றுதான் யாரும் சொல்வதில்லை.

அந்த 'எப்படி'யைத் தேடித்தான் குரல்வழி தளர்வுப் பயிற்சிக்கு வந்தேன். இரண்டே கால் வருடம் ஆகிறது. விளக்கை அணைத்துவிட்டு, ஒரு குரல் சொல்வதைக் கேட்டு உடம்பை ஒவ்வொரு பாகமாகத் தளர்த்துவது, அவ்வளவுதான்.

முதல் மூன்று மாதம் வீண். கேட்டுப் பார்த்த ஒலிப்பதிவுகளில் பாதி, பேய்ப்படத்துக்குப் பின்னணி பேசுகிற குரல். "ஆழ்ந்த உறக்கத்திற்குள் செல்லுங்கள்" என்று அவர் அடித்தொண்டையில் சொன்னால் எனக்குத் தூக்கம் எங்கே வரும்? ஒன்றில் மழைச் சத்தம் சேர்த்திருந்தார்கள். கேட்டதுமே மொட்டை மாடியில் காயப்போட்ட துணி நினைவுக்கு வந்து எழுந்து உட்கார்ந்தேன். இலவசப் பதிவுகளில் இன்னொரு கொடுமை: கண் செருகுகிற நேரத்தில் தங்க நகைக்கடன் விளம்பரம் அலறும். ஒலிப்பதிவைத் தரவிறக்கி, போனை ஃப்ளைட் மோடில் போட்டுக் கேளுங்கள். இதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

மூச்சைக் கவனிக்கச் சொல்லும் வகையும் எனக்கு ஒத்துவரவில்லை. மூச்சைக் கவனிக்க ஆரம்பித்தால் அது திக்குமுக்காடும், பயம் இன்னும் கூடும். என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். தளர்வுப் பயிற்சியின்போதே பதற்றம் கூடுவது சிலருக்கு உண்டு, மனநல ஆய்வுகளில் அது பதிவாகியிருக்கிறது என்று பிறகுதான் படித்தேன். படித்ததே பாதி நிம்மதி.

கைகொடுத்தது இரண்டு முறைகள். ஒன்று, அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் புத்தகமாக எழுதிய தசைத்தளர்வு முறை. அவருடைய மூல முறை கற்க மாதக்கணக்கில் ஆகும்; பின்னால் வந்தவர்கள் சுருக்கிக் கொடுத்ததுதான் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. கையை ஐந்தாறு விநாடி இறுக்கி முஷ்டி பிடிப்பது, சட்டென்று விடுவது, விட்டபின் கையில் என்ன தெரிகிறது என்று அரை நிமிடம் கவனிப்பது. அப்படியே தோள், நெற்றி, தாடை, கால். "தளர்த்துங்கள்" என்றால் எதைத் தளர்த்துவது என்றே பதற்றக்காரர்களுக்குத் தெரியாது. இறுக்கிக் காட்டினால்தான் தெரியும். நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறேன் என்பது தாடையை முதல்முறை விட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. காது வரைக்கும் விண்ணென்று வலித்தது.

இன்னொன்று யோக நித்திரை. இன்று பரவலாக இருக்கும் வடிவம் பீகாரில் முங்கேரிலிருந்த சுவாமி சத்யானந்த சரஸ்வதி அமைத்துக் கொடுத்தது. மந்திரம் சொல்லி உடம்பின் ஒவ்வொரு பாகத்திலும் மனத்தை வைக்கும் பழைய தாந்திரிகச் சடங்கான நியாசத்திலிருந்து எடுத்ததாக அவரே சொல்கிறார். வலது கை கட்டை விரலில் தொடங்கும். ஒவ்வொரு விரலாகப் போய், உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று உடம்பு முழுக்க ஒரு சுற்று. எதையும் அசைக்க வேண்டாம், பெயர் சொன்ன இடத்துக்கு மனம் போனால் போதும். கொஞ்சம் வேகமாகவே சொல்வார்கள், அதில்தான் சூட்சுமம். முழங்கைக்கு ஓடிக்கொண்டிருக்கும் மனத்துக்கு நாளைய நோட்டீஸைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அப்புறம் 27இலிருந்து ஒன்று வரை பின்னோக்கி எண்ண வேண்டும். தப்பினால் மறுபடி 27. அலுவலகத்தில் எண்ணிக்கை தப்பினால் எனக்குத் தூக்கம் போகும், இங்கே தப்பினால் தூக்கம் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், இதில் "தூங்கிவிடாதீர்கள்" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். விழிப்போடு இருப்பதற்கான பயிற்சி அது. நான் அதைத் தூங்கப் பயன்படுத்துகிறேன் என்று யோகா ஆசிரியர்கள் கோபப்படலாம். ஆனால் தூங்க வேண்டும் என்ற நெருக்கடி விலகியதும்தான் எனக்குத் தூக்கமே வந்தது.

குரல் பிரச்சினையைத் தீர்த்தவர் என் அக்கா. கோபிசெட்டிபாளையத்தில் பள்ளி ஆசிரியை. நான் எழுதிக் கொடுத்ததை, "தொடைத்தசை" என்பதையெல்லாம் அடித்துவிட்டு "தொடை" என்று மாற்றி, தன் போனிலேயே 18 நிமிடம் பேசி அனுப்பினார். முதலில் ஜேக்கப்சன், பின்பாதி யோக நித்திரை. பதினோராவது நிமிடத்தில், "வலது கணுக்கால்" என்று சொன்ன கையோடு அவர் வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடிக்கும். சிரித்துவிட்டேன். ஆனால் அதுவே என் அளவுகோல் ஆகிவிட்டது. விசிலைக் கேட்டால் இன்னும் தூங்கவில்லை என்று அர்த்தம். என் மகள் காலையில் "அம்மா, பெரியம்மா குக்கர் அடிச்சுதா?" என்றுதான் கேட்பாள்.

இந்தப் பதிவுக்கே எல்லாப் புகழையும் கொடுத்தால் பொய்யாகிவிடும். ஐந்தாவது மாதத்தில் ஓர் உளவியல் ஆலோசகரிடமும் போனேன். ஒன்பதரைக்கே படுத்துக்கொண்டு தவிப்பதை நிறுத்தி, பதினொன்றுக்குத்தான் படுக்க வேண்டும் என்றார். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். நான் அக்காவின் பதிவு முடிந்ததும் எழுந்து, மங்கலான விளக்கில் துணி மடிப்பேன். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த மாதிரிச் சிகிச்சையைத்தான் அமெரிக்க மருத்துவர் கல்லூரி (American College of Physicians) என்ற மருத்துவர் சங்கம் 2016இல் பரிந்துரைத்திருக்கிறது. பலமான குறட்டை, மூச்சு நின்றுபோய்த் திணறி விழிப்பது என்றால் குரல் கேட்டுப் பயனில்லை, டாக்டரைப் பாருங்கள்.

எனக்குப் பயன்படாத இரவுகளும் உண்டு. போன வருடம் அப்பாவை ஐசியூவில் வைத்திருந்த வாரம் முழுக்கக் கட்டை விரலிலேயே நின்றேன். தவறாகக் கணக்குப் போட்டுவிட்டது தெரிந்த இரவிலும் அப்படித்தான். எழுந்து ஒரு தாளில் "காலை 9 மணி, வரவுச் சீட்டைச் சரிபார்" என்று எழுதி வைத்தபின்தான் உடம்பு விட்டுக்கொடுத்தது. மத்தியானம் சாப்பிட்டபின் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து தோள், தாடை மட்டும் செய்து பழகிய நாள்களில் இரவு சுலபமாக இருக்கிறது. அது ஏனோ பலரும் சொல்லாத விஷயம்.

தூங்க ஒன்றரை மணி நேரம் எடுத்தவள் இப்போது பெரும்பாலும் விசிலுக்கு முன்பே போய்விடுகிறேன். மாதத்தில் நாலைந்து நாள்தான் அது காதில் விழுகிறது, தேதி எது என்று சொல்லவேண்டியதில்லை. குக்கரை அணைத்துவிட்டு நல்லபடியாக இன்னொரு முறை பதிவு செய்து தருகிறேன் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார். வேண்டாம் என்றிருக்கிறேன்.