மேடன் என்எஃப்எல் 24 ரிவ்யூ: டீப் பாஸ் போட்டா தான் இந்த கேம் தொறக்கும்

அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்எஃப்எல்லோட வீடியோ கேம் மேடன் 24 வாங்கலாமான்னு காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் நம்ம பசங்க கேட்டுகினே இருக்காங்க, அதனால மொதல்லயே சொல்லிடறேன், தாராளமா வாங்கலாம். ஆனா ஷார்ட் பாஸ் மட்டும் போட்டு ஆடறதா இருந்தா வேணாம், கொஞ்ச நாள்ல போரடிச்சு மூலையில போட்டுடுவீங்க. இந்த கேமோட உயிரே டீப் பாஸ்ல, அதாவது தூரமா போடறதுல தான் இருக்கு. முழு வேகத்துல ஓடிகினு இருக்கற ரிசீவர் தோளுக்கு மேல 40 யார்டு தள்ளி பந்து வந்து எறங்கறப்ப வர்ற சந்தோஷம் இருக்கே, நான் ஆடின எந்த ஸ்போர்ட்ஸ் கேம்லயும் அது கிடைக்கல.

வேலூர்ல ஃபுட்பால்னா நேதாஜி ஸ்டேடியத்துல கால்ல ஆடறது தான், இது அது இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால். தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன். கிரவுண்டு 100 யார்டு, ரெண்டு பக்கமும் 10 யார்டு எண்ட் ஸோன், டீமுக்கு 11 பேர், 4 சான்ஸ்ல 10 யார்டு தாண்டிட்டா மறுபடியும் 4 சான்ஸ், அந்த சான்ஸ தான் டவுன்னு சொல்றாங்க. பந்து போடறவன் குவாட்டர்பேக், ஓடிப்போய் புடிக்கறவன் ரிசீவர், எதிர் டீம்ல கடைசியா பின்னால நிக்கற ரெண்டு பேர் சேஃப்டி. இந்த சேஃப்டிய மட்டும் நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க, இனிமே சொல்லப்போறது எல்லாமே அவங்கள வெச்சு தான்.

புதுசா ஆடறவங்க அல்லாரும் பண்றது ஒண்ணு தான். ஸ்லான்ட், ஃப்ளாட், கர்ல்னு கிட்டக்க புடிக்கற ரூட் (ரிசீவர் ஓடற வழி), 5 யார்டு 6 யார்டு, பட்டன அமுக்கினா கைக்கு போவுது, ஜாலியா இருக்கு. எதிர்ல நல்லா ஆடறவன் உக்காந்தா ரெண்டாவது குவாட்டர்லயே (ஆட்டத்தோட ரெண்டாவது கால் பகுதி) இது செத்துடும், ஏன்னா நீங்க மேல, அதாவது தூரமா, போட மாட்டீங்கன்னு தெரிஞ்சதும் அவன் சேஃப்டிய கீழ, கிட்டக்க எறக்கிடுவான், 10 யார்டுக்குள்ள ஒம்போது பேர் அடைச்சுகினு நிப்பாங்க, பாஸும் போவாது, பந்த கையில வெச்சுகினு ஓடற ரன்னும் போவாது. கிரிக்கெட்டுல பேட்ஸ்மேன் ஒரு தபா நேரா சிக்ஸ் அடிச்சுட்டா கேப்டன் லாங் ஆன், லாங் ஆஃப்னு ஆள பின்னால அனுப்புவான், அப்புறம் சிங்கிள் கேட்டா கேட்ட மாதிரி வரும் இல்ல, அதே தான். டீப் பாஸ் சேரலன்னா கூட பரவால்ல, போடுவீங்கங்கற பயம் எதிராளிக்கு இருந்தா தான் உங்க ஷார்ட் பாஸ், ரன் ரெண்டும் மூச்சு விடும்.

விஐடி பக்கத்துல நாங்க ஆடற சென்டர்ல ஆம்பூர் தம்பி ஒருத்தன் வருவான், கை வேகம் செம, ஆனா மேல தூக்கி, அதாவது லாப், போடவே மாட்டான். "அண்ணா, லாப் போட்டாலே இன்டர்செப்ட் ஆவுதுண்ணா, எனக்கு வேணாம்"னு சொன்னான், அதாவது எதிர் டீம் ஆளு பந்த புடிச்சுடறானாம். நான் கேட்டேன், "இன்னாடா பாத்து போடற நீ, ஆள பாத்தா எடத்த பாத்தா?" ஆள பாத்து தான்னு சொன்னான். அங்க தான் விஷயமே. ஷார்ட் பாஸ்ல ஆள பாத்து போடலாம், டீப் பாஸ்ல ஆள பாத்தா பந்து போய் சேர்றதுக்குள்ள சேஃப்டி வந்துடுவான், காலியா ஆகப்போற எடத்த பாத்து ரிசீவர் அங்க போறதுக்கு முன்னாடியே கைய விட்டு பந்து போயிடணும்.

அந்த எடம் எங்கன்னு எப்படி தெரியும்? பந்து குவாட்டர்பேக் கைக்கு வந்து ஆட்டம் தொடங்கறது தான் ஸ்னாப், அதுக்கு முன்னாடியே பின்னால எத்தன சேஃப்டின்னு எண்ணுங்க. நடுவுல ஒருத்தன் மட்டும் ஆழமா நின்னா பெரும்பாலும் கவர் 3, இல்லன்னா கவர் 1, ஆழத்துல எத்தன பேர் காவல்ங்கறது தான் அந்த நம்பர். கவர் 3-ல அந்த ஒருத்தன் நடுவுல, ரெண்டு கார்னர்பேக் ரெண்டு ஓரத்துல, ஆக மொத்தம் ஆழத்துல மூணு பேர். அங்க ஃபோர் வெர்டிகல்ஸ் போடுங்க, நாலு பேர் நேரா மேல ஓடுவாங்க, மூணு பேர் நாலு பேர பாத்துக்க முடியாது இல்லயா, உள்ள ஓடற ரெண்டு பேர்ல சேஃப்டி யார் பக்கம் சாயறானோ அவன விட்டுட்டு இன்னொருத்தனுக்கு போடுங்க. சேஃப்டி ரெண்டு பேர் அகலமா நின்னா கவர் 2-வா இருக்கலாம், ஆளுக்கு பாதி கிரவுண்டு, அப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பெரிய ஓட்டை, அப்புறம் ஓரத்துல கார்னருக்கு பின்னாலயும் சேஃப்டிக்கு முன்னாலயும் இன்னொரு சின்ன ஓட்டை. அந்த ஓரத்து ஓட்டைக்கு, நேரா ஓடி ஓரத்து மூலைக்கு திரும்பற கார்னர் ரூட் தான் சரி. அதுக்கு லாப் போடாதீங்க, பந்து மேலயே மிதந்துகினு இருந்தா சேஃப்டி வந்து சேந்துடுவான், கொஞ்சம் அழுத்தி போடணும். கவர் 4-னா நாலு பேர் ஆழத்துல, மேல போடாம கீழ காலியா இருக்கறவனுக்கு குடுத்துட்டு 7 யார்டு வாங்கிகினு அடுத்த டவுன் போங்க. இன்னொண்ணு, ஸ்னாப் ஆனதும் மறுபடியும் சேஃப்டிய ஒரு பார்வை பாக்கணும், ரெண்டு பேர் காட்டிட்டு ஒருத்தன கீழ எறக்கறது நல்ல ஆட்டக்காரன் அல்லாரும் பண்ற வேலை.

கேமரா விஷயமும் இதுல வருது. வழக்கமான கேமரால ஓடற ரிசீவரும் சேஃப்டியும் சீக்கிரமே ஸ்க்ரீன் மேல் ஓரத்துக்கு போயிடறாங்க, கேமராவ பின்னால தள்ளி வெக்கற செட்டிங் இருக்கு, அத மாத்திட்டு தான் டீப் பாஸ் பழகணும்.

கன்ட்ரோல் பத்தி. ரிசீவரோட பட்டன தட்டினா லாப், அமுக்கி புடிச்சா நேரா வேகமா போற புல்லட், ரெண்டுக்கும் நடுவுல டச் பாஸ். இந்த நடு அழுத்தம் கைக்கு வர்றதுக்கு தான் நேரம் ஆகும், வந்துட்டா ஆட்டமே வேற. மேடன் 23-ல ஸ்கில் பேஸ்டு பாஸிங்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, 24-லயும் இருக்கு, கிளாசிக், ப்ளேஸ்மென்ட், ப்ளேஸ்மென்ட் அண்ட் ஆக்யுரஸின்னு மூணு வகை. கடைசி வகையில ஒரு மீட்டர் வரும், லெஃப்ட் ஸ்டிக்க வெச்சு பந்து விழற எடத்தயும் நகத்தலாம். கிளாசிக் சுலபம்னு சொல்லி அதுலயே இருந்துடாதீங்க. சேஃப்டி உள் பக்கம் இருந்தா பந்த வெளி தோள் பக்கம் தள்ளி போடறது, ரிசீவர் ஓட்டத்துக்கு ஒரு எட்டு முன்னால போடறது, இதெல்லாம் ப்ளேஸ்மென்ட்ல தான் முழுசா கைல வருது. எனக்கு இந்த ஒரு அம்சத்துக்காகவே காசு குடுக்கலாம்னு தோணுது.

பந்து மேல இருக்கறப்பவும் வேலை முடியல. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்ல முக்கோண பட்டன் அமுக்கி புடிச்சா எகிறி புடிப்பான், சதுரம்னா ஓட்டம் கெடாம புடிப்பான், எக்ஸ்னா பத்திரமா புடிச்சு காலு கோட்டுக்குள்ள வெப்பான். ரிசீவருக்கும் சேஃப்டிக்கும் நடுவுல எடம் இருந்தா சதுரம், ரெண்டு பேரும் ஒட்டி நின்னா முக்கோணம். சும்மா வேடிக்க பாத்துகினு இருந்தா புடிக்க வேண்டிய பந்து கூட விழுந்துடும்.

இப்ப யாரும் பேசாத விஷயம், நேரம். டீப் ரூட் திறக்க சில வினாடி ஆகும், அது வரைக்கும் குவாட்டர்பேக்குக்கு முன்னால காவல் நிக்கற உங்க லைன் தாங்கணும். அஞ்சு லைன்மேன், கூட ரன்னிங் பேக் (பந்த வெச்சுகினு ஓடறவன்), டைட் எண்ட் (லைன் ஓரத்துல நின்னு ப்ளாக்கும் பண்ணி பந்தும் புடிக்கறவன்) ரெண்டு பேரையும் ப்ளாக்குக்கு நிறுத்துங்க, ஏழு பேர் காவல், மூணு பேர் மட்டும் ஓடட்டும், அது போதும். 2020 பிப்ரவரி சூப்பர் பவுல்ல, அதாவது என்எஃப்எல் ஃபைனல்ல, கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 20-10 பின்னால இருந்தாங்க, நாலாவது குவாட்டர், மூணாவது டவுன், இன்னும் 15 யார்டு வேணும். அங்க அவங்க குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ரிசீவர் டைரீக் ஹில்லுக்கு 44 யார்டு போட்டாரு, ஆட்டமே திரும்பி 31-20-ன்னு ஜெயிச்சாங்க. நம்ம ஊர்ல அது திங்கக்கெழம விடிகாலை. அந்த வீடியோவ தேடி பாருங்க, பந்த பாக்காதீங்க, லைன் எவ்ளோ நேரம் தாங்குதுன்னு பாருங்க. மஹோம்ஸ் அன்னிக்கு ரொம்ப பின்னால போய் தான் போட்டாரு, அது அவரு கை, கேம்ல அப்படி பின்னால பின்னால ஓடினா ஓரத்துலேர்ந்து வர்றவன் நேரா உங்க மேல வந்து விழுவான். பின்னால ஒரு அளவுக்கு போய்ட்டு ஒரு எட்டு முன்னால வாங்க, கால ஊனி போடுங்க. ஓடிகினே போட்டா, இல்ல ஆள் மேல வர்றப்ப போட்டா, பந்து எங்கயோ போவும், கேம் இத நல்லாவே செஞ்சு வெச்சிருக்கு.

ப்ளே ஆக்ஷன் இன்னொரு சாவி. ரன் குடுக்கற மாதிரி காட்டிட்டு பாஸ். சும்மா சும்மா போடாதீங்க, மொதல்ல நெஜமாவே ரன் நாலு தபா ஓடி எதிராளிய முன்னால வர வெச்சுட்டு அப்புறம் போடுங்க, சேஃப்டி ஒரு எட்டு கீழ வந்தாலே போதும், அவன் முதுகுக்கு பின்னால, நேரா ஓடி நடு பக்கம் திரும்பற போஸ்ட் ரூட் போவும். ஆனா அந்த நடிப்பு முடியற வரைக்கும் பந்த கையில வெச்சுகினு இருக்கணும், எதிராளி ப்ளிட்ஸ், அதாவது குவாட்டர்பேக்க மடக்க கூடுதல் ஆள், அனுப்பற சூழ்நிலைல போட்டா அடி தான்.

டீம் எத எடுக்கறதுன்னு கேப்பாங்க. 24-ல அட்டைப்படத்துலயே இருக்கற ஜாஷ் ஆலன், பஃபலோ பில்ஸ், கை பலம்னா அவரு தான், எவ்ளோ தூரம்னாலும் போவும். மயாமி டால்ஃபின்ஸ்ல, மேல சொன்ன அதே டைரீக் ஹில்லும் ஜேலன் வாடலும் வேகத்துல பறப்பாங்க, குவாட்டர்பேக் டுவா கை அவ்ளோ பலம் இல்ல, அதனால சீக்கிரமே போட்டுடணும், டைமிங் பழக இதவிட நல்ல டீம் கிடையாது. பிலடெல்ஃபியா ஈகிள்ஸ்ல லைன் இரும்பு, ஏ.ஜே. பிரவுன், டிவோன்டா ஸ்மித் ரெண்டு பேரும் எகிறி புடிப்பாங்க, நிதானமா கத்துக்கறவங்களுக்கு நான் இததான் சொல்லுவேன். ரேட்டிங் பாக்கறப்ப ஓவரால் நம்பர விட்டுட்டு குவாட்டர்பேக்குக்கு த்ரோ பவர், டீப் ஆக்யுரஸி, ரிசீவருக்கு ஸ்பீட், டீப் ரூட் ரன்னிங், அவ்ளோ தான் பாருங்க. பஸூக்கான்னு ஒரு எக்ஸ் ஃபேக்டர் எபிலிட்டி (ஸ்டார் ஆட்டக்காரங்களுக்கு வர்ற விசேஷ திறமை) இருக்கு, அது ஆன் ஆனா போடற தூரமே கூடிடும்.

இந்த கேமுக்கு பேர் குடுத்த ஜான் மேடன் 1969-லேர்ந்து 1978 வரைக்கும் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் கோச், சூப்பர் பவுல் ஜெயிச்சவரு. அந்த டீம் ஓனர் ஆல் டேவிஸுக்கு டீப் பாஸ்னா உசுரு, ஸ்பிரிண்ட் ஓடின க்ளிஃப் பிராஞ்ச ரிசீவரா வெச்சுகினு எதிராளி தலைக்கு மேல போட்டுகினே இருந்தாங்க. 1988-ல மொதல் கேம் வர்றப்ப கம்ப்யூட்டருக்கு சக்தி பத்தாதுன்னு ஆள கொறைக்க பாத்தாங்க, மேடன் தான் 11-க்கு 11 இல்லன்னா என் பேர் வேணாம்னு நின்னாரு. எனக்கு அவரு மேல பெரிய மரியாதை, ஏன்னா இந்த சேஃப்டி, கார்னர், லைன்னு நாம பாத்து பாத்து ஆடறது எல்லாம் 11 பேர் இருக்கறதால தான் நடக்குது. 2021 டிசம்பர்ல அவரு தவறிட்டாரு.

பழகறதுக்கு ப்ராக்டிஸ் மோட் போங்க, எதிர் டீம் ப்ளேயையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கவர் 3 வெச்சு ஃபோர் வெர்டிகல்ஸ மட்டும் திரும்ப திரும்ப ஓட்டுங்க, கண்ணு சேஃப்டி மேலயே இருக்கணும், அப்புறம் கவர் 2. கத்திரி வெயில்ல பகல் பூரா எங்கயும் போக முடியாது, அந்த நேரத்துக்கு இத விட நல்ல வேல எனக்கு தெரியல. ஆட்டம்னு வந்தா பக்கத்துல ஒருத்தன உக்கார வெச்சு ஆடுங்க, டீப் பாஸ்ல பட்டன் டைமிங் தான் எல்லாமே, ஆன்லைன்ல துளி டிலே இருந்தாலும் கை ஏமாந்துடும். அல்டிமேட் டீம்னு கார்டு பேக் வாங்கற மோட் இருக்கு, அது பக்கம் போகவே போகாதீங்க, காசு கரையும், ஃப்ரான்சைஸ் மோட் போதும், ஒரு இளம் குவாட்டர்பேக்க எடுத்து சீசன் சீசனா வளக்கறதுல தான் சுகம்.

வாங்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. கேம் பண்ற இஏ கம்பெனியோட இஏ ப்ளே சந்தா இருந்தா தனியா வாங்காம அதுல இருக்கான்னு மொதல்ல பாருங்க. செகண்ட் ஹேண்டுல டிஸ்க் வாங்கறதா இருந்தா பிஎஸ்5 கேஸா பிஎஸ்4 கேஸான்னு திருப்பி பாருங்க, மேல நான் சொன்ன ப்ளேஸ்மென்ட் பாஸிங் எல்லாம் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், பிசி இதுலதான் இருக்கு, பிஎஸ்4-ல பழைய பாஸிங் தான். விலை கம்மியா கீதுன்னு பிஎஸ்4 டிஸ்க் எடுத்துகினு வந்துடாதீங்க.