'கேப் செட் செய்தே வரும்' என்ற மால்ட் மில்: தானியம் போடும் முன் அளந்துவிடுங்கள்

வீட்டில் பீர் காய்ச்ச இரண்டு ரோலர் மில் வாங்குபவர்கள் பெட்டியைப் பிரித்த கையோடு மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) கொட்டிவிடாதீர்கள். ரோலரில் மாவு ஒட்டிவிட்டால் 'பயன்படுத்திய பொருள், திருப்பி எடுக்க முடியாது' என்பார்கள். இந்த மில்லுக்குக் கடைசியில் கிடைத்த பதிலும் அதுதான்.

விளம்பரத்தில் சொன்னது: ஸ்டெயின்லெஸ் ரோலர், பால் பேரிங், கேப் (இரண்டு ரோலருக்கும் நடுவே உள்ள இடைவெளி) 1.0 மி.மீ. வைத்தே வரும், எந்த டிரில்லிலும் ஓடும். வந்து சேர்ந்ததில் பேரிங்கே இல்லை, வெறும் புஷ் (உருளும் குண்டுகள் இல்லாத வளையம்). ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் இடது முனையில் 0.95, வலது முனையில் 1.40. தண்ணீர் படாமலேயே இரண்டு வாரத்தில் ரோலரின் வரிப்பள்ளங்களில் செந்துரு. (காந்தம் ஒட்டுகிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டும் ரகங்கள் உண்டு.)

அரை மி.மீ.கூட இல்லையே என்று தோன்றலாம். மால்ட்டை மாவாக அரைக்கக் கூடாது, உடைக்க வேண்டும்: உள்ளே இருப்பது நொய்யாக வேண்டும், உமி முழுசாக நிற்க வேண்டும். மாஷை (வெந்நீரில் ஊறிய மால்ட் கலவை) வடிக்கும்போது அந்த உமிதான் வடிகட்டி. கேப் கோணலாக இருந்தால் அகன்ற பக்கம் மணி உடையாமலே நழுவும், அதன் மாவுச்சத்து அதைச் சர்க்கரையாக்கும் என்சைமுக்கு எட்டாது. குறுகிய பக்கம் அளவுக்கு மேல் நெருங்கினால் உமி கிழிந்து மாவு கூடும், வடிப்பு அடைத்துக்கொள்ளும். சர்க்கரை குறைவதும் வடிப்பு அடைப்பதும் ஒரே தடவை காய்ச்சும்போது சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் மில் மேல்தான் வர வேண்டும். 5 கிலோ மால்ட், 20 லிட்டர், எதிர்பார்த்த ஒப்படர்த்தி (சர்க்கரை கூடினால் இதுவும் கூடும்) 1.050, கிடைத்தது 1.041. பழியை மாஷ் வெப்பநிலை மேல் போட்டு அடுத்த மூட்டையையும் வீணாக்குபவர்கள் நிறைய.

அளப்பது பத்து நிமிட வேலை. ஃபீலர் கேஜை இரண்டு முனைகளிலும் நடுவிலும் விடுங்கள். ரோலரைக் கால் சுற்று திருப்பி மறுபடி விடுங்கள். ஓரிடத்தில் தளர்வாகப் போய் இன்னோரிடத்தில் சிக்கினால் ரோலரே மையம் விலகியது. அதை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது, உடனே திருப்பி அனுப்புங்கள். முனைக்கு முனை மட்டும் வித்தியாசம் என்றால் அட்ஜஸ்டரில் (கேப்பைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) சரிசெய்யலாம். கேஜ் இல்லாவிட்டால் ஏ.டி.எம். கார்டு சுமார் 0.76 மி.மீ.; இரண்டு முனையிலும் ஒரே இறுக்கத்தில் போகிறதா என்று பார்க்க அது போதும். பார்லி மால்ட்டுக்கு 1.0 மி.மீ.யில் தொடங்குங்கள், கோதுமை மால்ட் மணி சிறியது, 0.8 வரை போகலாம். பலகையில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். பலகை வளைந்திருந்தால் சட்டமும் முறுக்கிக்கொள்ளும்.

அட்ஜஸ்டர் திருகு இன்னொரு தலைவலி. கையால் இறுக்கும் சின்னத் திருகு அதிர்விலேயே நழுவுகிறது. முனைத்தட்டில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்து, ஒவ்வொரு கிலோவுக்கும் கோடு நகர்ந்ததா பாருங்கள்.

'எந்த டிரில்லிலும் ஓடும்' என்பது சுத்தப் பொய். ரோலரின் வேகம் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உமி கிழியும். வேகமான டிரில்லை விசையில் பாதி அழுத்தி ஓட்டினால் மோட்டார் சூடேறிப் புகையும். மெதுவாகச் சுற்றும், முறுக்குவிசை அதிகமுள்ள டிரில்தான் வேண்டும். மால்ட் தூசியில் பீரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியா இருக்கும், ஆகவே நொதிக்கலன் பக்கத்தில் வைத்து உடைக்க வேண்டாம்.

புகார் செய்தபோது வந்த முதல் பதில் 'ஓட ஓடச் சரியாகிவிடும்'. எஃகு ரோலர் ஓடி ஓடி இணையாகாது. திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை இழுத்தடிக்கத்தான் இந்தப் பேச்சு. ஆகவே கேஜ் செருகிய இரண்டு முனைகளையும், மாவு படாத ரோலரையும் ஒரே படத்தில் எடுத்து, பெட்டி வந்த அன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.