சாயங்காலம் ஊருக்குத் திறக்கும் பள்ளிக் கணினி அறை: கிள்ளியூர் கடலோரத்திலிருந்து ஒரு மதிப்பீடு

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டக் கடலோரத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி தன் கணினி அறையை வார நாள்களில் மாலை 5 முதல் 7.30 வரையும், ஞாயிறு மதியத்துக்கு மேல் மூன்று மணி நேரமும் ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிடுகிறது. கட்டணம் கிடையாது. ஞாயிறைச் சேர்த்தது சரியான முடிவு. அன்று கரையில் யாரும் கடல் தொழிலுக்குப் போவதில்லை; தேவாலயப் பூசையும் சாப்பாடும் முடிந்த பிறகு ஆண்கள் நிதானமாக உட்கார முடிகிற நேரம் அதுதான்.

இந்த அறையின் பெரிய பலம், உதவிக்கு இருக்கும் இளைஞர்கள் மவுஸைத் தொடுவதில்லை. பக்கத்தில் நின்று சொல்கிறார்கள், வந்தவரே அடிக்கிறார். நேரம் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் பிரவுசிங் சென்டரில் அவசரத்துக்கு விண்ணப்பம் போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே பல இடங்களில் கடைக்காரரின் மின்னஞ்சலையும் செல்போன் எண்ணையும் கொடுத்தே கணக்குத் தொடங்கிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஹால் டிக்கெட் எடுக்கவோ பிஎஃப் பணம் கேட்கவோ போனால் ஓடிபி கடைக்காரருக்குப் போகும். கடை மூடியிருந்தால் அலைச்சல்தான். இங்கே முதல் வேலையே சொந்த எண்ணில் மின்னஞ்சல் தொடங்குவது. கடவுச்சொல்லை அவரவர் நோட்டில் அவரவர் கையாலேயே எழுத வைக்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே இந்த அறையைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

வருகிறவர்களில் பாதிப்பேர் டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவுக்காக வருகிறார்கள். 150 ரூபாய் கட்டினால் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். சிக்கல் எப்போதும் புகைப்படத்திலும் கையெழுத்திலும்தான். போனில் எடுத்த படம் 3, 4 எம்பி இருக்கும். தளம் கேட்பதோ சில பத்து கேபி. படத்தின் தரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போனால் முகம் கட்டம் கட்டமாக உடையும். முதலில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி, பிறகு நீள அகலத்தைக் குறைத்து, கடைசியாகத் தரத்தைத் தொட வேண்டும். இந்த வரிசை சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. கையெழுத்துக்கு ஜன்னலோரம் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள்: வெள்ளைத்தாள், கறுப்பு மை, பகல் வெளிச்சம். டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் கையின் நிழல் தாளில் சாம்பலாக விழுந்துவிடும்.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது. தரவிறக்கிய ஆதார் கோப்பு திறக்கவில்லை என்பார்கள். ஆதாரில் உள்ளபடி பெயரின் முதல் நான்கு எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில். அதோடு பிறந்த ஆண்டு. இதுதான் கடவுச்சொல். நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கும். ஆதாரில் அப்படி இருந்தால் அந்த இனிஷியலும் அதன் புள்ளியும் நான்கில் சேரும். அதை விட்டுவிட்டு எத்தனை முறை அடித்தாலும் திறக்காது.

தமிழ் தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை. சாவிகளின் மேல் எழுத்து ஒட்டியிருப்பது வயதானவர்களுக்கு நல்ல வசதி. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கு தட்டுப் போதும். முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும்.

இனி குறைகள். முதலாவது கவலைக்குரியது. பொதுமக்களுக்கான எல்லா இருக்கைகளும் ஒரே பயனர் கணக்கில் ஓடுகின்றன. தரவிறக்கக் கோப்புறையைத் திறந்தால் முந்தைய ஆளின் சாதிச் சான்றிதழும் வங்கிப் புத்தக நகலும் அப்படியே கிடக்கின்றன. வெளியேறியதும் எல்லாம் அழிந்துபோகும் விருந்தினர் கணக்கு ஒன்று வேண்டும். அதுவரை கண்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி, குரோமின் மறைநிலைச் சாளரத்தில் வேலை பாருங்கள். ஆனால் அது உலாவிய தடத்தையும் உள்நுழைவையும்தான் மறக்கும். இறக்கிய கோப்பை அழிக்காது. கோப்பை நீங்களே அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள்.

இரண்டாவது, பிரிண்டர் இல்லை. பென் டிரைவும் அனுமதி இல்லை. கடைகளில் சுற்றி வைரஸோடு வருவதால் அந்தத் தடை நியாயம்தான். கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொண்டு வெளியே போய் பிரிண்ட் எடுக்க வேண்டியிருக்கிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஒரு கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் வைத்தால் டோனர் செலவு அதிலேயே அடைந்துவிடும்.

ஊருக்குத் திறந்தால் கணினி சீக்கிரம் பழுதாகும் என்ற பயம் பல பள்ளிகளில் இருக்கிறது. கடலோரத்தில் நடப்பது வேறு. உப்புக்காற்றும் ஈரமும் பூட்டிக் கிடக்கிற கணினியைத்தான் முதலில் பிடிக்கும். தினமும் இரண்டு மணி நேரம் ஓடினால் உள்ளே சூடேறி ஈரம் காயும். பூட்டி வைக்கும் பள்ளிகளில் கோடை விடுமுறை முழுக்க மூடிக் கிடந்து, தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில் திறக்கும்போது பீப் பீப் என்று கத்தி, திரை வராமல் நிற்கும் கணினிகளில் பலவற்றுக்கு மருந்து சுலபம்: மின்சாரத்தைத் துண்டித்து, நினைவகப் பலகையான ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூள் தட்டி, ‘டக்’ என்று இரு பக்கமும் பூட்டும்வரை அழுத்திச் செருகினால் போதும். யுபிஎஸ் பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும் உப்பை இங்கே துடைத்து வாஸ்லின் தடவி வைத்திருக்கிறார்கள். பராமரிப்பில் அக்கறை தெரிகிறது.

எர்த், அதாவது கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் இணைப்பு, மட்டும் சரியில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இங்கே அதைத் தாண்டுகிறது. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பதாகச் சிலர் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கும். எர்த் குழியில் கரியும் உப்பும் புதிதாக நிரப்பித் தண்ணீர் விட்டு, கம்பி இணைப்பை இறுக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஐப்பசி இடி தொடங்குவதற்குள் பள்ளி மேலாண்மைக் குழு இதை முடித்துவிட வேண்டும். இடி நெருங்குவதற்கு முன்பே பிளக்கோடு இணையக் கேபிளையும் பிடுங்க வேண்டும் என்பதை உதவியாளர்கள் எல்லோருக்கும் சொல்லிவைப்பதும் அவசியம். மின்கம்பியை மட்டும் கழற்றிவிட்டு கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான நெட்வொர்க் ஸ்விட்சைப் பறிகொடுத்த பள்ளிகள் உண்டு.

போகிறவர்கள் ஆதாரோடு இணைத்த எண் உள்ள போனைச் சார்ஜோடு எடுத்துச் செல்லுங்கள். மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலமான ஜூன், ஜூலையில் இடம் கிடைப்பது சிரமம். கடைசித் தேதி உள்ள விண்ணப்பமானால் மே மாதத்திலேயே கணக்கைத் தொடங்கி, படத்தையும் கையெழுத்தையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.