ஸ்பீட்டெஸ்டா, ஃபாஸ்டா? வீட்டு இணைய வேகத்தை அளந்த கதை

சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு 1 கிகாபிட் இணைப்பு. ஆனாலும் ஞாயிறு இரவு 9 மணிக்குத் தாம்பரத்திலிருந்து அம்மா காணொளியில் வந்தால், பாதிப் பேச்சில் முகம் உறைந்துவிடும். 10 கிகாபிட் திட்டத்துக்கு மாற இருந்தேன். அதற்கு முன் அளந்து பார்த்தது நல்லதாயிற்று.

இணைய வேகத்தை அளக்கும் தளங்களான நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட், ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் இரண்டிலும் அளந்தேன். ரௌட்டரிலிருந்து மடிக்கணினிக்குக் கேபிள் போட்டபோது இரண்டும் 900 மெகாபிட்டைத் தாண்டின. 1 கிகாபிட் இணைப்பில் 940 வந்தாலே முழு வேகம்தான். வைஃபையில் அளந்தால் சுவரையும் சேர்த்து அளக்கிறோம், அதிலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்டரின் (குண்டுவீச்சுப் புகலிட அறையின்) கான்கிரீட் சுவரை.

ஃபாஸ்ட் மிக எளிது. திறந்ததுமே அளக்கத் தொடங்கும். நெட்ஃபிளிக்ஸ் சர்வர்களோடு அளப்பதால், படம் பார்ப்பவர்களுக்கு அதுவே போதும்.

ஆனால் எந்த ஊர் சர்வரோடு அளப்பது என்பதை அதில் நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஸ்பீட்டெஸ்டில் முடியும். என் கேள்விக்கு விடை கிடைத்தது அதனால்தான். ஸ்பீட்டெஸ்ட் தானாக எடுப்பது அருகிலுள்ள சர்வரை; பல நேரம் அது ஏதாவதொரு இணைய நிறுவனம் வைத்திருப்பது. அந்த எண் உள்ளூர்ப் பாதையை மட்டுமே சொல்லும். சென்னை சர்வருக்கு மாற்றினேன். பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 3 மில்லிவிநாடியிலிருந்து 38க்கு ஏறியது. அது குறையே அல்ல. 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் கண்ணாடியிழையில் ஒளி போய்த் திரும்பவே 32 மில்லிவிநாடி ஆகும். எவ்வளவு விலை கொடுத்துத் திட்டம் வாங்கினாலும் அது குறையாது. நான் கவனித்தது பிங் அலைபாய்கிறதா என்பதைத்தான். ஞாயிறு இரவிலும் அது 38, 39 என்றே நின்றது.

அப்படியானால் கோளாறு என் வீட்டிலும் இல்லை, கடலிலும் இல்லை. அதே நேரத்தில் அம்மா வீட்டில் சென்னை சர்வரோடு அளக்கும்படி தம்பியிடம் சொன்னேன். உள்ளூர் சர்வருக்கே பிங் 20க்கும் 300க்கும் இடையே தாவியது. ரௌட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்திருக்கிறது!

நான் அளந்ததெல்லாம் மடிக்கணினியில். கைப்பேசியில் எது துல்லியம் என்று சொல்லுமளவுக்கு எனக்கு அனுபவமில்லை.

தம்பி ரௌட்டரைக் கூடத்துக்கு மாற்றினான். போன ஞாயிறு அம்மா நாற்பது நிமிடம் தடங்கலின்றிப் பேசினார். பழைய திட்டமே தொடர்கிறது.